துருவப் பகுதிகளில் நுண்ணுயிரிகளின் காற்றுவழிப் பரவல்

துருவப் பகுதிகளில் நுண்ணுயிரிகளின் காற்றுவழிப் பரவல் என்பது பாக்டீரியா, பூஞ்சை வித்துகள், பாசிகள் முதலியவை காற்றின் மூலம் ஆர்க்டிக், அண்டார்க்டிக் பகுதிகளை அடைவதையும், அங்கு இடம்விட்டு இடம் பரவுவதையும் குறிக்கும்.

வரலாறு

1933இல் சார்லஸ் லிண்ட்பெர்க் ஆர்க்டிக் பகுதியில் விமானத்தில் பறந்தபோது, பசை பூசிய கண்ணாடித் தகடுகளைக் கொண்டு காற்று மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை ஆராய்ந்த அமெரிக்கத் தாவர நோயியலாளர் பிரெட் மையர், பூஞ்சை வித்துகளையும் மகரந்தத் தூள்களையும் கண்டறிந்தார்.

பரவும் முறை

தூசி, கடல்நீர்த் திவலைகள் ஆகியவற்றுடன் மேலெழும் நுண்ணுயிரிகள் பனிப்பொழிவுடன் தரையிறங்குகின்றன. குளிர், வறட்சி, புற ஊதாக் கதிர்கள் ஆகியவற்றால் பல வழியிலேயே இறக்கின்றன. வித்து நிலையில் உள்ளவை தப்பிப் பிழைக்க வாய்ப்பு அதிகம். அண்டார்க்டிக்காவைச் சுற்றி வீசும் மேலைக் காற்றுகள், வெளியிலிருந்து வருபவற்றை ஓரளவு தடுக்கின்றன. அக்கண்டத்தின் மக்மர்டோ வறள் பள்ளத்தாக்குகளில், உயர்ந்த பனிப்பரப்பிலிருந்து சரிந்து வீசும் கடுங்காற்று, காய்ந்த நுண்ணுயிர்ப் படலங்களைப் பெயர்த்து வேறிடங்களில் சேர்க்கிறது.

முக்கியத்துவம்

ஆய்வாளர்கள், சுற்றுலாப் பயணிகள் வழியாகவும் அயல் நுண்ணுயிரிகள் அண்டார்க்டிக்காவில் நுழையக்கூடும். 1998இல் நடைமுறைக்கு வந்தபோது சுற்றுச்சூழல் பாதுகாப்பு நெறிமுறை, நுண்ணுயிர் நீக்கப்படாத மண்ணை அங்கு கொண்டுவருவதை இயன்றவரை தவிர்க்கக் கோரியது. காற்றில் இயல்பாக வருபவை எவை என முன்னரே பதிவு செய்தால்தான், மனிதரால் வந்தவற்றைப் பிரித்தறிய இயலும். இரண்டும் கலந்த பின்னர் அது மிகக் கடினமாகும்.