மாமியாருக்குத் தெரியாமல் துப்பறியும் மருமகள்!

மாலை நேரத்தில் பரமத்தி வேலூரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து பார்த்தீர்களானால் வெற்றிலையும் கொரியா போலீஸும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். என் மாமியார் நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டுவார். 104 கவுளி சேர்ந்தால் ஒரு சுமை. மறுநாள் ஏலத்துக்குப் போக வேண்டும். நான் பழுத்த இலையைப் பொறுக்குவேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் செல்போனைத் தூணில் சாய்த்து வைத்து, படத்துக்கு அடியில் ஓடும் இங்கிலீஷைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். அதுவும் எப்படி! "ஏனுங் சார், திருடன் அந்தப் பக்கமா ஓடறானுங்க" என்று கொரியா அம்மாள் அச்சாகக் கொங்குத் தமிழ் பேசுவாள்.

கொரியாத் தொடர் நமக்கு அப்படியொன்றும் புதிதில்லை. 2013-ல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி, 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' போன்ற தொடர்களைத் தமிழில் பேச வைத்து ஒளிபரப்பியது. அப்போதே சமையல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் உண்டு. அந்த நாட்டிலும் தகப்பனாரை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பதில் எங்கள் அத்தைக்குத் தனிச் சந்தோஷம்.

இப்போது நாங்கள் பார்ப்பது சிரிப்புப் போலீஸ் கதை. இங்கிலீஷில் 'குவீன் ஆஃப் மிஸ்டரி' என்று பெயர். 2017 ஏப்ரலில் கொரியாவின் கே.பி.எஸ். 2 சானலில் வந்தது. மொத்தம் 16 பகுதிகள். 2018-ல் இரண்டாம் பாகமும் வந்தது. யூ சோல்-ஓக் என்ற குடும்பப் பெண்தான் கதாநாயகி. சோய் காங்-ஹீ நடித்திருக்கிறார். கணவர் அரசு வக்கீல். மாமியாரோடு ஒரே வீட்டில் வாசம். சிறு வயது முதல் போலீஸாக வேண்டுமென்று ஆசை. நடந்ததோ சமையலும் துணி மடிப்பும். ஆனால் அவள் கண் சும்மா இருக்குமா? பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கு, மாமியாருக்குத் தெரியாமல், துப்புச் சொல்லப் போகிறாள். அங்கே ஹா வான்-சியுங் என்ற முரட்டுத் துப்பறியும் அதிகாரி. இந்த வேடத்தில் குவோன் சாங்-வூ. "அஜும்மா, வீட்டுக்குப் போங்க" என்று விரட்டுவார். அஜும்மா என்றால் கல்யாணமான நடுவயதுப் பெண். நம் ஊரில் 'ஏம்மா' என்று அதட்டுவது மாதிரி. விரட்டிய வாய் மூடுவதற்குள் அவள் குற்றவாளியைச் சொல்லிவிடுவாள்!

குறையும் சொல்ல வேண்டுமே. பின்பாதியில் பழைய வழக்கு ஒன்று நுழைந்து இழுக்கிறது. கொலை, பிணம் எல்லாம் வருகிறது. சிரிப்புக் கதைதானே என்று சின்னக் குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துவிடாதீர்கள். கைக்குழந்தைக்காரிகளுக்கு இன்னொரு வார்த்தை. பால் கொடுக்கும்போது போனைப் பார்ப்பது சௌகரியமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. உங்களுக்கும் அந்த நேரம் தூக்கத்துக்கு உரியது. "இன்னும் ஒரே ஒரு பகுதி" என்று நடுராத்திரி வரை விழித்தால், காலையில் அடுப்பில் பொங்கி வழியும் பாலுக்கு யார் பொறுப்பு?

ஒரு நாள் கொரியா மாமியார் மருமகளைச் சத்தம் போடும் கட்டம். மகள் குரலை மாற்றி மாற்றிச் சொல்ல, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தை கை மட்டும் வெற்றிலை மேல் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "நீயும் போலீஸ் பரிச்சைக்குப் போறேன்னு கேட்டியே கண்ணு. நாந்தான் வேண்டாம்னு போட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு நினைவிருக்கும் என்று நான் எண்ணவே இல்லை. தமிழ்நாட்டில் பெண்களைப் போலீஸில் சேர்த்தது 1973-ல். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. கல்யாணமான பிறகு ஒரே ஒரு தடவை வாய் திறந்து கேட்டேன். "பொம்பளை ஸ்டேஷன் படி ஏறினா ஊர் என்ன பேசும்?" என்றார். அதோடு சரி. கோபமா என்றால், இருந்தது. முப்பது வருஷத்தில் அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"போனது போகட்டுங்க அத்தை" என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை.

இந்தத் தொடரால் எங்களுக்கு ஸ்டேஷன் பயம் கொஞ்சம் தெளிந்தது என்பது நிஜம். மகள் சட்டப் புத்தகத்தைப் புரட்டிச் சொன்னது இது: எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், "எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் இரண்டும் இருக்கின்றன. சாட்சி விசாரிக்க வேண்டுமென்று பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181, போனில் பணம் ஏமாந்தால் 1930. இந்த மூன்று எண்களையும் காலண்டர் அட்டையில் எழுதி அடுப்படியில் மாட்டிவிட்டோம்.

இன்னொன்று. வீட்டில் களவு போனால் நம் கை உடனே துடைப்பத்துக்குப் போகும். சிதறிக் கிடந்தால் மனசு பொறுக்காது! போலீஸ் வந்து பார்க்கும்வரை பெருக்கவும் கூடாது, பீரோவைத் தொடவும் கூடாது. தடயமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

போன வாரம் மகள் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் அடுத்த அறிவிப்பு வந்தால் காவலர் வேலைக்கு எழுதப் போகிறாளாம். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தாலே போதும், உயரம்தான் 159 சென்டிமீட்டர் வேண்டும் என்றாள். நான் பதில் சொல்லாமல் அத்தையைப் பார்த்தேன். அவர் வெற்றிலையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

"அந்தத் தூணுகிட்ட நேரா நில்லு சாமி. ஏனுங் அம்மிணி, அந்த டேப்பை எடுத்துட்டு வா."