டைல்ஸுக்கு அடியில் மின்சாரம்



ஆரணியில் எங்கள் வீட்டின் கூடம் முழுக்கத் தறிதான். அம்மா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து பட்டு நெய்கிறார். ஜக்கார்டு பெட்டியைத் தூக்க ஒரு சின்ன மோட்டார் உண்டு. அதற்கான ஒயர் தரைக்கு அடியில் பி.வி.சி. பைப்பில் வருகிறது. போன வருஷம் எடைக்கல் விழுந்து, அந்தப் பைப்புக்கு நேர் மேலே இருந்த டைல்ஸ் உடைந்துபோனது.

"நீதான் கரண்டு படிப்பு படிக்கிறியே, நீயே மாத்துடா" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். தெரியாது என்று எப்படிச் சொல்வது?

விரிசல்தானே என்று விடவும் முடியாது. வீடு கழுவும் தண்ணீர் அதன் வழியாக இறங்கும். உள்ளே ஒயர் எங்காவது உரிந்திருந்தால், வெறுங்காலோடு குழியில் இருக்கும் அம்மாவுக்குத்தான் ஷாக். 230 வோல்ட் சும்மா விடாது.

மெயினை அணைத்துவிட்டு உளியை எடுத்தேன். ஏதோ தோன்றி மோட்டார் இணைப்பில் டெஸ்டரை வைத்தால், எரிகிறது! அந்த லைன் இன்வெர்ட்டரில் இருந்ததை மறந்தே போனேன். கை நடுங்கிவிட்டது. இன்வெர்ட்டரையும் அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மறுபடி உட்கார்ந்தேன். டெஸ்டரையே கூட முதலில் கரண்டு உள்ள பிளக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். டெஸ்டர் கெட்டிருந்தால் அதுவும் எரியாதுதானே?

முதலில் நாலு பக்கமும் இடுக்கில் உள்ள வெள்ளை சிமெண்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து டைல்ஸும் சேர்ந்து விரியும். பிறகு நடுவில் உடைத்து, அங்கிருந்து ஓரத்தை நோக்கிப் பெயர்க்க வேண்டும். உளியைச் சாய்த்தே பிடியுங்கள். நேராகக் குத்தினால் பைப்பில் இறங்கிவிடும்.

கனடா, இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளில் வீட்டுக் குளியலறை டைல்ஸுக்கு அடியில் சூடேற்றும் ஒயரையே பரப்புகிறார்கள். அதற்குப் பைப் கிடையாது, டைல்ஸை ஒட்டியே கிடக்கும். ஒரு இடத்தில் உளி பட்டாலும் அந்த ஒயர் சுற்று முழுக்கச் செத்துவிடும். அதனால் வேலைக்கு முன்னும் பின்னும் அதன் ஓம்ஸை அளந்து ஒப்பிடுவார்கள். சூட்டில் டைல்ஸ் விரிந்து சுருங்கும் என்பதால் வளைந்து கொடுக்கும் பசையைத்தான் போடுவார்கள். அது நன்றாகக் காயும்வரை சுவிட்சைப் போடவே மாட்டார்கள்.

எங்கள் பைப்பில் ஒரு கீறல்தான். ஆனாலும் தெரிந்த ஒயர்மேன் அண்ணனிடம் மெக்கர் இரவல் வாங்கி, மோட்டாரைக் கழற்றிவிட்டு இன்சுலேஷனைச் சோதித்தேன். ஒரு மெக்ஓமுக்குக் கீழே வந்தால் ஒயரையே மாற்ற வேண்டியதுதான். நல்லவேளை, முள் நன்றாக மேலேயே நின்றது.

இரண்டு நாள் தறி ஓடவில்லை. மூன்றாம் நாள் அம்மா குழியில் இறங்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். ஆயா மட்டும், "கலர் சேரலியேடா" என்றார். பழைய மாடல் கடையில் இல்லை, என்ன செய்ய!

– இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை