விண்கல்லில் கனிமம் காணும் முறை

வயலிலோ வெளியிலோ கருமை படர்ந்த கனத்த கல் ஒன்றைக் கண்டெடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். அது விண்கல்தானா என்று அறியக் கல் சேகரிப்போர் முதலில் நாடுவன இரண்டு: காந்தமும் நீரும். காந்தத்தைக் கல்லின் அருகே பிடிப்பர். மண் நீங்கக் கல்லைக் கழுவுவர். இவற்றுள் முன்னது பயன் தருவது. எனினும் முழுவதும் நம்பத் தக்கதன்று. பின்னதோ கேடு விளைவிப்பது. ஏன் என்று பார்ப்போம்.

விண்ணிலிருந்து வீழும் கற்களுட் பெரும்பாலானவற்றில் நிக்கல் கலந்த இரும்பு உண்டு. ஆகவே அவற்றைக் காந்தம் ஈர்க்கும். உடைந்த முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் வெள்ளிப் பொட்டுகளைப் போல் மின்னுவது அந்த இரும்பு. வெண்கல நிறத்தில் தோன்றுவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த ட்ராய்லைட். இளம்பச்சை சாயலுடையது ஆலிவின். கடுகளவான உருண்டை மணிகளும் பல கற்களில் காணப்படும். குமிழித் துளைகள் நிறைந்திருப்பின் அது பெரும்பாலும் உலைக் கசடாகவே இருக்கும். மெருகிடாத பீங்கானில் உரசும்போது செங்காவிக் கீற்று விழுந்தால், அது ஹெமடைட் என்னும் மண்ணுலக இரும்புக் கனிமம் என ஐயுறலாம்.

இனி விதிவிலக்கைக் காண்போம். 1852 டிசம்பர் 2 அன்று, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பஸ்திப் பகுதியில் ஒரு கல் விழுந்தது. அதன் பெரும்பகுதி என்ஸ்டடைட் என்னும் வெளிறிய கனிமம். உலோக இரும்போ மிகச் சிறிது. காந்தத்தை மட்டும் நம்புபவர் அதனை எறிந்துவிடவும் கூடும். ஆனால் அக்கல்லை ஆராய்ந்த மாஸ்கலின் என்னும் அறிஞர், அதுவரை அறியப்படாத கனிமம் ஒன்றை அதில் கண்டு 1862இல் விவரித்தார். கால்சியமும் கந்தகமும் சேர்ந்த, வெளிர் பழுப்பு நிறமுள்ள அதற்கு, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தலைவராயிருந்த தாமஸ் ஓல்டாமைச் சிறப்பிக்கும் வகையில் ஓல்டமைட் என்று பெயரிடப்பட்டது. ஈரம் பட்டால் இக்கனிமம் சிதைந்து மாறிவிடும். கல்லைத் தூய்மை செய்வதாக எண்ணி யாரேனும் நீரில் ஊறவைத்திருந்தால், அக்கண்டுபிடிப்பையே இழந்திருப்போம்!

ஆதலின் நாம் கைக்கொள்ள வேண்டிய முறை எளியது. கல்லைக் கழுவலாகாது, எண்ணெய் பூசலாகாது, சுத்தியால் உடைக்கலாகாது. ஏற்கெனவே உடைந்த முகம் இருப்பின் அதனை மட்டும் பார்த்தல் போதும். காந்தத்தையும் கல்லின் மேல் தேய்க்காமல், நூலில் கட்டி அருகே தொங்கவிடுக. வலிய காந்தம் பட்டால், கல்லில் பதிந்துள்ள பழங்காலக் காந்தச் சுவடு அழிந்துபோகும். பின்னர் உலர்ந்த தூய தாளில் பொதிந்து, ஈரம் புகாத பெட்டியில் வைத்தல் நலம்.

விழுந்த இடத்தின் பெயரே விண்கல்லுக்குப் பெயராக அமையும். பிற மாநிலங்களில் வாழும் நாம், ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவற்றின் பெயர்களை அவ்வூராரிடமே கேட்டு, அவர்கள் ஒலிக்கும் வண்ணமே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். வீழ்ந்ததைக் கண்டவர் இருப்பின், நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் விண்கற்களைப் பேணும் பொறுப்பு, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சார்ந்தது. அத்துறைக்குத் தாமதமின்றி அறிவிப்போமாக. கனிமத்தின் பெயரை அறிஞர் கூறுவர். அவர் கண்ணிற் படும்வரை அக்கனிமம் அழியாமற் காப்பது நம் கடமையாகும்.