நோயாளர் வருகையும் மீள்கையும் அறிவித்தல்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய மருந்து என்பதனுள், மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என்பன அந்நான்குமாம். முதன் மூன்றும் எவரும் எளிதில் உணரத்தக்கன. துணைசெய்வோனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக எண்ணியமையே ஈண்டு நாம் சிந்தித்தற்குரியது. அவன் தன் கடமையைச் செய்தற்கு முதற்கண் வேண்டுவது செய்தியாகும். நோயாளி எப்பொழுது வைத்தியசாலை புகுந்தார், எப்பொழுது மீண்டார், மீண்டபின் செய்யவேண்டுவது யாது என்பன அவனுக்குத் தெரிதல் வேண்டும். அச்செய்தி செல்லும் வழியைக் கந்தளாயை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வாம்.

பெருங்குளத்தாற் புகழ்பெற்ற கந்தளாய், திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் வாழும் வேளாண்மைப் பிரதேசம் அது. அங்குள்ள ஆதார வைத்தியசாலையில் நிறைவேற்ற இயலாத சிகிச்சைக்கு நோயாளர் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அதற்கும் அப்பாலோ அனுப்பப்படுவர். வைத்தியசாலைக்கு வெளியே பிறிதோர் அமைப்பும் உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது ஆகியோரைக் கொண்ட அவ்வமைப்பு, 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதன்முதல் நிறுவப்பட்டுப் பின் நாடெங்கும் பரவியது. முன்னது நோய் தீர்ப்பது. பின்னது நோய் வாராமற் காப்பதும் வீடு தேடிச் செல்வதும் ஆகும். இவ்விரண்டிற்கும் இடையே செய்தி தடைப்படின் இடர் விளையும்.

தாயொருத்தி கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு அனுப்பப்பட்டு, ஆங்குப் பிள்ளை பெற்று மீள்கின்றாள் எனக் கொள்வோம். பிரசவத்தின் பின் முதற் பத்து நாளுள் இருமுறை அவளைச் சென்று பார்த்தல் மருத்துவமாதின் கடமை. குருதிப்போக்கு, காய்ச்சல், குழந்தையின் மஞ்சட்காமாலை ஆகிய ஆபத்துக்கள் தலைகாட்டும் நாட்கள் அவையே. ஆயின் நம் வழக்கப்படி அவள் தன் தாய்வீட்டிற்குச் சென்றிருப்பின் நிகழ்வதென்ன? பதிவுசெய்த ஊரின் மருத்துவமாது பூட்டிய கதவைக் கண்டு திரும்புவார். தாய்வீடு உள்ள ஊரின் மருத்துவமாதோ அவள் வந்ததையே அறியார். ஊழியர் இருவர் இருந்தும், இருவருங் கடமையுணர்வுடையராயிருந்தும், தாய் தனித்து விடப்படுகின்றாள். குறை ஆளில் இல்லை, அறிவித்தலிலேயே உள்ளது.

அறிவித்தல் முறை நமக்குப் புதியதன்று. தொற்றுநோய்த் தடுப்பிற்கான 1897 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்வழி, குறித்த நோய்களைக் காணும் மருத்துவர் அவற்றை அறிவித்தல் வேண்டும். ஆய்வுகூட முடிவு வருமளவும் காத்திராது, ஐயம் எழுந்தவுடனேயே செய்தி நோயாளி வாழும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குச் செல்லும். பரிசோதகர் வீட்டை நாடிச் செல்வார். 2017 ஆம் ஆண்டு இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு ஐயத்துடன் அறிவிக்கப்பட்டனர். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவும் அவ்வாண்டிற் பெரிதும் வருந்தியது. நுளம்பு பெருகும் இடத்தைத் தேடி அழித்தற்கு அவ்வறிவித்தலே வழிகாட்டி. மலேரியா அற்ற நாடென 2016 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்ததற்கும், ஒவ்வொரு நோயாளியையும் அறிவித்துப் பின்தொடர்ந்தமை ஒரு காரணமாகும்.

நீரிழிவு, பாரிசவாதம், இருதயநோய், சிறுநீரகநோய் என்பவற்றிற்கோ இத்தகைய விதி இல்லை. பேச்சுவழக்கில் துண்டு வெட்டுதல் எனப்படும் அந்நேரத்தில், நோய் நிர்ணய அட்டை நோயாளியின் கையிற் கொடுக்கப்படும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படும் அவ்வட்டையை வீட்டார் படித்தறிதல் அரிது. அது மழையில் நனைந்தாலும் பெட்டியில் மறைந்தாலும் செய்தி அங்கேயே முடிந்துவிடும். நோயாளர் தாம் விரும்பிய அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லலாம் என்பது நம் நாட்டின் பெருஞ் சிறப்பு. ஆயினும் இன்னாருக்கு இன்னாரே மருத்துவர் எனப் பலர்க்கு வரையறை இன்மையால், எவருக்கு அறிவிப்பது என்னும் வினாவும் உடனெழுகின்றது.

பிறநாட்டார் இதற்கு மின்முறையை நாடினர். நோயாளி புகும்பொழுதும், இடம் மாறும்பொழுதும், மீளும்பொழுதும் பதிவேட்டுக் கணினியே சிறு செய்தியொன்றை அனுப்பும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், அரசாங்கக் காப்புறுதித் திட்டங்களிற் பங்குபற்றுவனவும் மின்பதிவேடு உடையனவுமாகிய வைத்தியசாலைகள் இவ்வாறு குடும்ப மருத்துவர் முதலியோர்க்கு அறிவித்தல் வேண்டுமென 2020 ஆம் ஆண்டு விதிக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டு மே மாதமுதல் அது நடைமுறைக்கு வந்தது.

எனினும் கருவி வந்தவளவிற் காரியம் முடிந்ததாகாது. ஒரே பெயருடையார் பலராதலின் ஆளை மயக்கமற அறிதற்கு நிலையான எண் வேண்டும். எல்லாவற்றையும் எல்லார்க்கும் அறிவிப்பின் எவரும் எதையும் படியார். ஆதலின் இன்றியமையாதனவே செல்லுதல் நன்று. மனநோய் போன்றவற்றின் செய்தி அயலார் செவிக்கு எட்டலாகாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலச் செய்திகளைத் தனிக் காப்புக்குரியனவாகக் கொண்டமை நினைவுகூரத்தக்கது. அனைத்தினும் மேலாக, செய்தி பெற்றவர் செய்யவேண்டுவது இன்னதெனத் தெளிவாக்கப்படல் வேண்டும். பெற்றவர் செயற்படாவிடின் அறிவித்தலும் வெறுங் கடிதமே.

கணினி வருமளவும் காத்திருக்க வேண்டுவதில்லை. மீளும் நோயாளியிடம், இனித் தங்கப்போவது எவ்வூரில் எனக் கேட்டு எழுதுதலும், அவ்வூர்ச் சுகாதார அலுவலகத்திற்கு அன்றே தொலைபேசியிற் சொல்லுதலும், அடுத்துச் செய்யவேண்டுவதை நோயாளியின் மொழியில் இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தலும் இன்றே இயல்வன. கந்தளாய்க் குளத்தின் நீர் திறக்கப்படும் நாளைக் கீழ்நில உழவர் முன்னரே அறிந்திராவிடின் வரப்புங் கட்டார், வாய்க்காலுந் திருத்தார். வந்த நீர் வீணே ஓடும். வைத்தியசாலையிற் பெற்ற நலமும் அத்தகையதே. அதனை ஏற்றுக் காப்பதற்கு வீட்டருகில் ஒருவர் அறிந்து நிற்றல் வேண்டும்.