ஒக்கினாவாக் கராத்தேயில் ஆற்றலின் பிறப்பிடம்

கராத்தே என்றதும் பலகையைப் பிளக்கும் கையே பலர்க்கும் நினைவில் எழும். ஆயின், அக்கலை வளர்ந்த ஒக்கினாவாத் தீவின் பழைய ஆசிரியர்கள் கையை இறுதியிலேயே கருதினர். குத்தின் ஆற்றல் தோளிற் பிறப்பதன்று. நிலத்தில் ஊன்றிய பாதத்திலே தொடங்கித் தொடை, இடை, முதுகு வழியாக ஏறி முஷ்டியில் வெளிப்படுவது. இஃது எவ்வாறு நிகழ்கின்றதென்பதை ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடைப்பட்ட பகுதியை அத்தீவினர் 'கமாக்கு' என்பர். இடுப்பைப் பெரிதாகச் சுழற்றாது, இப்பகுதியைச் சிறிதே திருகி இறுக்குவதால் கீழுடலின் விசை மேலுடலைச் சேரும். குத்து இலக்கைத் தொடும் கணத்தில் மூட்டுகளும் தசைகளும் ஒருங்கே இறுகுதல் 'சின்குச்சி' எனப்படும். அக்கணத்திற்கு முன்னரே கை இறுகுமாயின், நீட்டும் தசைக்கு மடக்கும் தசையே கடிவாளமாகும். இறுதிவரை இறுகாதாயின், உடலின் பாரம் இலக்கிற் சேராது. ஆகவே தளர்ந்து சென்று, ஒரு கணம் இறுகி, மீண்டும் தளர்தல் வேண்டும்.

இதனைக் கண்டு கற்றல் அரிது. உடலே உணர்தல் வேண்டும். அதற்கெனவே 'சஞ்சின்' என்னும் பயிற்சி அமைந்தது. நாகா நகரத்து மியாகி சோஜுன் (1888–1953) வழியினர் இதனைத் தம் கலைக்கு அடிப்படையாகக் கொண்டனர். மாணவன் பாதங்களைச் சற்று உள்நோக்கி ஊன்றி, மூச்சை ஆழ இழுத்து விட்டு, மெல்ல அடியெடுத்து வைப்பான். ஆசிரியர் அவன் தோளையும் முதுகையும் தொடையையும் தட்டிச் சோதிப்பார். வைக்கோற் கயிறு சுற்றிய 'மக்கிவாரா' என்னும் கம்பமும் ஓர் ஆசிரியனே. தோள் உயர்ந்தாலும் குதிகால் எழுந்தாலும், குத்தியவனையே அது பின்னுக்குத் தள்ளிவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கலையைப் பாடசாலைகளுக்குக் கொணர்ந்தவர் இத்தொசு அங்கோ. அவர் 1908 இல் எழுதிய பத்து நெறிகளில், தோளைத் தாழ்த்தி, பாதத்தால் நிலத்தைப் பற்றி, ஒவ்வொரு கையாலும் நூறு, இருநூறு முறை கம்பத்திற் பயிலுமாறு பணித்தார். பலரை ஒருங்கே நிறுத்திப் பயிற்றுங்கால் வெளிவடிவம் எளிதிற் பரவும். உள்ளியக்கமோ பின்தங்கிவிடும் என்பதை நாம் மறத்தலாகாது. 2021 இல் தோக்கியோவில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவிலும் கராத்தே இடம்பெற்றது. அங்கு நடுவர் கண்ணாற் கண்டே மதிப்பிட்டனர். கண்ணுக்குப் புலனாகாத இவ்வாற்றலோ, ஆசிரியர் கை மாணவன் முதுகிற் படும் இடத்திலேயே காக்கப்படுகின்றது. அத்தொடுகை அற்றுப்போமாயின், எஞ்சுவது அசைவு மட்டுமே.