ஆறாம் வகுப்புப் பாடத்திட்டம் (தமிழ்நாடு)

ஆறாம் வகுப்பு என்பது தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வியில் தொடக்கக் கல்வி முடிந்து நடுநிலைக் கல்வி தொடங்கும் ஆண்டாகும். ஆறு முதல் எட்டு வரையுள்ள மூன்று வகுப்புகள் நடுநிலை வகுப்புகள் எனப்படுகின்றன. ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஓர் ஆசிரியரே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கிறார். ஆறாம் வகுப்பு முதல் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்ற முறை பின்பற்றப்படுகிறது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தும் முதன்மைப் பாடங்களாகும். இவை தனித்தனி நூல்களாகவும் தனித்தனி ஆசிரியர்களாலும் கற்பிக்கப்பட்டாலும், ஒன்றையொன்று சார்ந்தே அமைந்துள்ளன. ஒரு பாடத்தில் ஏற்படும் இடைவெளி பிற பாடங்களையும் தாக்கும் என்பதால் இவ்வாண்டு முக்கியத்துவம் பெறுகிறது.

இக்கட்டுரை 2018-2019 கல்வியாண்டில் அறிமுகமான பாடநூல்களை அடிப்படையாகக் கொண்டது. எடுத்துக்காட்டுகள் காஞ்சிபுரம் மாவட்டத்தின் வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரத்திலிருந்து தரப்பட்டுள்ளன. வாலாஜாபாத் பாலாற்றின் வடகரையில் அமைந்த பேரூர் ஆகும். உத்திரமேரூர் ஆற்றுக்குத் தெற்கே உள்ளது.

வரலாறு

தமிழ்நாட்டில் முன்பு மாநில வாரியம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் எனப் பல பாடத்திட்டங்கள் வழக்கில் இருந்தன. இவற்றை ஒன்றாக்கிய சமச்சீர்க் கல்வி 2010-2011 கல்வியாண்டில் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் முதலில் நடைமுறைக்கு வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து அது பிற வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2012-2013 இல் முப்பருவ முறை அறிமுகமானது. ஓர் ஆண்டுக்குரிய பாடம் மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டதால் மாணவர் சுமக்கும் புத்தகங்களின் எடை குறைந்தது.

பாடங்கள்

தமிழ்

தமிழ்ப் பாடநூல் பருவத்துக்கு மூன்றாக ஒன்பது இயல்களைக் கொண்டது. ஒவ்வோர் இயலிலும் செய்யுள், உரைநடை, துணைப்பாடம், இலக்கணம் ஆகியன இடம்பெறுகின்றன. இலக்கணத்தில் எழுத்துகளின் வகையும் தொகையும் முதலில் கற்பிக்கப்படுகின்றன. உயிர் 12, மெய் 18 ஆகிய 30 எழுத்துகளும் முதலெழுத்துகள் ஆகும். சார்பெழுத்துகள் 10 வகைப்படும். எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எது இறுதியில் வரும் என்பதும் இவ்வாண்டில் கற்பிக்கப்படுகிறது.

ஆங்கிலம்

தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை பின்பற்றப்படுவதால் ஆங்கிலம் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. உரைநடை, கவிதை, துணைப்பாடம், இலக்கணம் ஆகியவை இதில் அடங்கும்.

கணிதம்

முதற்பருவத்தில் பேரெண்கள், இயற்கணித அறிமுகம், விகிதம், வடிவியல், புள்ளியியல் ஆகியன உள்ளன. எண்ணுக்குப் பதிலாக எழுத்தைப் பயன்படுத்தும் 'மாறி' என்னும் கருத்தை மாணவர் முதன்முதலாகச் சந்திப்பது இங்குதான். இரண்டாம் பருவத்தில் பகா எண்கள், மீச்சிறு பொது மடங்கு, அளவைகள், இலாபமும் நட்டமும் கற்பிக்கப்படுகின்றன. மூன்றாம் பருவத்தில் பின்னங்கள், முழுக்கள், சுற்றளவும் பரப்பளவும், சமச்சீர்த் தன்மை ஆகியன இடம்பெறுகின்றன.

அறிவியல்

இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றின் அடிப்படைகள் ஒரே நூலில் தரப்படுகின்றன. அளவீடுகள், விசையும் இயக்கமும், வெப்பம், மின்னியல், காந்தவியல், காற்று, நீர், செல், மனித உறுப்பு மண்டலங்கள் ஆகியன முக்கியமான அலகுகள். மூன்று பருவங்களிலும் கணினி பற்றிய அலகு ஒன்று உள்ளது.

சமூக அறிவியல்

இது வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகிய பிரிவுகளைக் கொண்டது. வரலாறு மனிதரின் பரிணாம வளர்ச்சியில் தொடங்கி, சிந்துவெளி, சங்க காலம், மௌரியர், குப்தர் வழியாகப் பல்லவர், சாளுக்கியர் வரை செல்கிறது. தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள் என்னும் பாடத்தில் பூம்புகார், மதுரை ஆகியவற்றுடன் காஞ்சியும் விளக்கப்படுகிறது.

பாடமும் வட்டாரமும்

பாடநூல் மாநிலம் முழுமைக்கும் பொதுவானது. எனினும் அதன் கருத்துகளுக்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் சான்றுகள் உண்டு.

குடிமையியலில் ஊரக, நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் கற்பிக்கப்படுகின்றன. வாலாஜாபாத் என்ற பெயரிலேயே பேரூராட்சி ஒன்றும் ஊராட்சி ஒன்றியம் ஒன்றும் உள்ளன. பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சியைச் சேர்ந்தது. ஊராட்சி ஒன்றியம் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளை உள்ளடக்கிய ஊரக அமைப்பு. ஆகவே ஒரே வகுப்பறையில் அமர்ந்திருக்கும் இரு மாணவர்களின் பெற்றோர் வெவ்வேறு வகையான உள்ளாட்சிகளுக்கு வாக்களிப்பவர்களாக இருக்கக்கூடும்.

அறிவியலின் நீர் என்னும் அலகுக்கு உத்திரமேரூர் ஏரி சான்றாகும். இது பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் எனப்பட்டது. உடல்நலமும் சுகாதாரமும் என்னும் அலகுக்குத் திருமுக்கூடலைச் சுட்டலாம். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகியவை கூடும் இவ்வூர்க் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. அது 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும் ஒரு பள்ளியையும் பற்றிக் கூறுகிறது.

பாடங்களுக்கிடையே உள்ள தொடர்பு

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்தில் கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாரிய உறுப்பினராக விரும்புபவர் 35 முதல் 70 வயதுக்குட்பட்டவராகவும், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும் இருத்தல் வேண்டும்.

இச்செய்தி வரலாறு மட்டுமன்று. வாரியம் என்பது குடிமையியல். கல்வெட்டின் சொற்கள் தமிழ். கால் வேலி என்பது கணிதம். தமிழ் அளவை முறையில் 20 மா ஒரு வேலி ஆகும். மா என்னும் சொல் 1/20 என்ற பின்னத்தையும் குறிக்கும். எனவே கால் வேலி என்பது 5 மா. நிலமற்றோர் அந்த அவையில் இடம்பெற இயலாது என்பதையும், இன்றைய கிராம சபையில் வாக்காளர் அனைவரும் உறுப்பினர் என்பதையும் ஒப்பிட்டால் சமத்துவம் பற்றிய பாடம் தெளிவாகும்.

கற்றல் இடைவெளி

பாடங்கள் தொடர்புடையவை என்பதன் மறுபக்கம், ஒரு கண்ணி விடுபட்டால் அடுத்ததும் விடுபடும் என்பதாகும். எடுத்துக்காட்டாக, ஒரு நிலத்தின் 1/2 பங்கில் நெல்லும் 1/3 பங்கில் வேர்க்கடலையும் பயிரிடப்பட்டால் எஞ்சிய நிலம் எவ்வளவு என்ற கணக்கைக் கருதலாம். விடை 1/6 பங்கு. இதைக் காண மூன்றாம் பருவப் பின்னம் வேண்டும். அதற்கு இரண்டாம் பருவ மீச்சிறு பொது மடங்கு வேண்டும். அதற்குத் தொடக்க வகுப்பின் வாய்ப்பாடு வேண்டும். இவை அனைத்துக்கும் முன்னர், வினாவைப் பிழையின்றி வாசித்துப் பொருள் உணரும் மொழித்திறன் வேண்டும். கணக்கில் தவறும் மாணவர் உண்மையில் வாசிப்பில் தவறியிருக்கலாம்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019 இல் மத்திய அரசு இதைத் திருத்தி, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு இடமளித்தது. தமிழ்நாட்டில் அவ்வகுப்புகளுக்கு அறிவிக்கப்பட்ட பொதுத்தேர்வு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. தேர்ச்சி உறுதி என்பதால் பிள்ளைகள் பள்ளியை விட்டு இடைநிற்பது தடுக்கப்படுகிறது. ஆயினும் இடைவெளி தானாக நிரம்புவதில்லை. அது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரை உடன் செல்லக்கூடும்.

கோவிட்-19 பெருந்தொற்று இதைப் பெரிதாக்கியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்டன. அன்று ஆறாம் வகுப்பில் அமர்ந்தவர்கள் கடைசியாக நான்காம் வகுப்பில்தான் பள்ளியில் இருந்தவர்கள். இவ்விழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. 2025-2026 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் திறன்களை வலுப்படுத்தத் 'திறன்' இயக்கம் அரசுப் பள்ளிகளில் அறிமுகமானது. ஆறாம் வகுப்பின் பாடங்களைக் கற்பிப்பதோடு, அவற்றுக்குத் தேவையான தொடக்க வகுப்புத் திறன்களை உறுதி செய்வதும் அவ்வாண்டின் பணி என்பதை இத்திட்டங்கள் உணர்த்துகின்றன.