சொந்த ஊருக்குத் திரும்பவும் டோல்கேட் காசா?
கப்பலூரில் திருமங்கலத்துக்காரர்களின் ஓயாத மல்லுக்கட்டு

மதுரையில் சரக்கு எடுத்துக்கொண்டு திருமங்கலத்துக்குத் திரும்புகிறார் ஒரு மளிகைக்கடைக்காரர். தூரம் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஊர் கண்ணுக்குத் தெரிகிற நேரம். குறுக்கே நிற்கிறது கப்பலூர் டோல்கேட்!

காசு கட்டினால்தான் கட்டை எழும். கட்டை எழுந்தால்தான் கடைக்குப் போகலாம்.

"எங்க ஊருக்கு நாங்க போறதுக்கு எதுக்குய்யா காசு?"

இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் திருமங்கலத்துக்காரர்கள் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டி வருகிறார்கள். வியாபாரிகள், வாகன உரிமையாளர்கள், பல கட்சிக்காரர்கள் என்று எல்லோரும் சேர்ந்து, இதற்கென்றே ஓர் எதிர்ப்புக் குழுவும் வைத்து நடத்துகிறார்கள். மனு, மறியல், கடையடைப்பு, கோர்ட்டு என்று அவர்கள் ஏறாத படி இல்லை.

இடம்தான் வம்பு

மதுரையிலிருந்து விருதுநகர், நெல்லை வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிற நான்குவழிச் சாலையில், திருமங்கலத்தை ஒட்டி இருக்கிறது இந்த டோல்கேட். இதைத் தாண்டியதும் திருமங்கலம். அங்கிருந்துதான் ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற ரோடு பிரிகிறது.

ஆகவே, தொல்லை திருமங்கலத்தோடு நிற்கவில்லை. டி.கல்லுப்பட்டிக்காரர், பேரையூர்க்காரர், ராஜபாளையத்துக்காரர் யாராக இருந்தாலும் மதுரைக்கு இந்த வழியாகப் போக இங்கே நின்றாக வேண்டும். டோல்கேட்டைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே நான்குவழிச் சாலையை விட்டு இறங்கிவிடுகிற வண்டி அது. ஆனாலும் தெற்கே நேராகப் போகிற வண்டிக்கு என்ன கட்டணமோ, அதே கட்டணம்!

பக்கத்திலேயே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை வேறு. அங்கே சரக்கு ஏற்றி இறக்குகிற வண்டிகளுக்கும் இதே தலைவலி. மதுரையில் பெரியாஸ்பத்திரி, கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், காலேஜ் எல்லாம் இருக்கின்றன. ஆத்திர அவசரத்துக்கு வாடகைக் கார் பிடித்தால், கட்டணம் கடைசியில் யார் தலையில் விழும் என்று சொல்லவா வேண்டும்?

டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் கட்டணம் இல்லை. அந்த மட்டில் தப்பித்தார்கள்.

விதி என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2008-ல் கொண்டுவந்த தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் இருக்கின்றன. நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளித்தான் டோல்கேட் வைக்க வேண்டும் என்பது பொது விதி. காரணத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டு அதைக் குறைக்கலாம். அப்போதும் 5 கிலோமீட்டருக்குள் வரக்கூடாது. அந்தச் சாலையே முக்கியமாக ஊர்க்காரர்களின் உபயோகத்துக்காகப் போட்டது என்றால் மட்டும் விதிவிலக்கு உண்டு.

திருமங்கலம் நகராட்சி ஊர். டோல்கேட்டோ ஊர் வாசலில் இருக்கிறது. "விதிப்படி இது இங்கே இருக்கவே கூடாது" என்பதுதான் எதிர்ப்புக் குழுவின் ஆணித்தரமான வாதம்.

மறுபக்கத்தில் ஒரு நியாயம் இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே விதிப் புத்தகத்தில் உள்ளூர்க் காருக்கு மாதப் பாஸ் உண்டு. 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர் சொந்த உபயோகக் கார் வைத்திருந்தால் அதை வாங்கலாம். 2007-08 கணக்குக்கு 150 ரூபாய் என்று ஆரம்பித்தது, ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 2025-26-ல் 350 ரூபாய் ஆனது. அதே மாவட்டத்தில் பதிவான வாடகை, சரக்கு வண்டிகளுக்குப் பாதிக் கட்டணம். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளூர்க் கார் என்பதற்காக "இலவசம்" என்ற வார்த்தை அந்த விதியில் எங்கேயும் இல்லை! திருமங்கலத்தின் மொத்தச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

ஆதார் கார்டும் ஆர்.சி. புக்கும்

நடைமுறையில் என்ன நடந்தது? போராட்டம் முற்றும்போதெல்லாம் பேச்சுவார்த்தை. பேச்சுவார்த்தை முடிந்ததும் ஒரு சமரசம். ஆதார் கார்டையோ ஆர்.சி. புக்கையோ காட்டினால் உள்ளூர் வண்டிக்குக் கட்டை எழும். இப்படியே காலம் ஓடியது.

வந்தது வினை. 2024 ஜூலையில், உள்ளூர் வண்டிகளும் இனிப் பாதிக் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். ஊர் கொதித்தது. டோல்கேட்டை முற்றுகையிட்டார்கள். திருமங்கலத்தில் கடைகளை அடைத்தார்கள். 2016, 2021 தேர்தல்களில் அந்தத் தொகுதியில் ஜெயித்த ஆர்.பி. உதயகுமாரும் களத்தில் இறங்கினார். அமைச்சர், கலெக்டர் அளவில் பேச்சு நடந்தது. பழைய வழக்கமே தொடரும் என்று சொல்லப்பட்டது.

பழைய வழக்கம்! அது எங்கே எழுதியிருக்கிறது? இந்தத் தடவை கடையடைத்தவர்கள் சலுகையை மட்டும் கேட்கவில்லை. டோல்கேட்டையே எடுக்கச் சொன்னார்கள். காரணம் லேசானது. ஆள் மாறினால், குத்தகை மாறினால், வாய்வார்த்தையும் மாறிவிடுகிறது.

இதில் ஃபாஸ்டேக் வேறு சேர்ந்துகொண்டது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. ஆளிடம் காசு கொடுத்த காலத்தில் "அண்ணே, நம்ம ஊரு வண்டிண்ணே" என்றால் காது கேட்கும். கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படிக்கிற மெஷினுக்கு அண்ணன் ஏது, தம்பி ஏது? வண்டி வந்து நின்றால் காசு தானாகக் கழியும். அப்புறம் செல்போனில் மெசேஜ் வரும்.

கணக்குப் போட்டால்...

2025 ஆகஸ்ட் 15 முதல் ஓர் ஆண்டுப் பாஸ் வந்தது. அப்போது விலை 3,000 ரூபாய். சொந்தக் காருக்கு 200 தடவை. ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கு இது கொள்ளை லாபம்தான்.

திருமங்கலத்திலிருந்து தினம் மதுரைக்கு வேலைக்குப் போகிறவர் கணக்கைப் பாருங்கள். போக ஒன்று, வர ஒன்று. நாளைக்கு இரண்டு. 200 தடவை நூறே நாளில் தீர்ந்துவிடும்! அவருக்கு மாதப் பாஸே மலிவு. அதுவும் 2025-26 கணக்குப்படி ஆண்டுக்கு 4,200 ரூபாய் ஆனது. சரக்கு வேன் வைத்திருப்பவருக்கோ இந்த இரண்டு பாஸுமே கிடையாது.

2024 செப்டம்பரில் இன்னொரு விதித் திருத்தம் வந்தது. செயற்கைக்கோள் மூலம் தூரத்தை அளக்கும் கருவி பொருத்திய வண்டிக்கு நாளைக்கு 20 கிலோமீட்டர் வரை கட்டணம் இல்லை என்றது அது. திருமங்கலத்துக்காகவே எழுதின மாதிரி இருந்தது. ஆனால் கருவி இருக்கிற வண்டிக்குத்தானே அது பேசும்!

அதற்கும் முன்னால், 2022 மார்ச்சில், மத்திய மந்திரி நிதின் கட்காரி பார்லிமெண்டில் பேசினார். 60 கிலோமீட்டருக்கு ஒரு டோல்கேட்தான், மற்றவை மூன்று மாதத்தில் மூடப்படும், உள்ளூர்க்காரர்களுக்கு ஆதாரைப் பார்த்துப் பாஸ் என்றார். மூன்று மாதம் போய், இரண்டு வருஷமும் போய்த்தான் 2024 கடையடைப்பு நடந்தது.

சுங்கம் தவிர்த்த சோழன்

தமிழ்நாட்டுக்கு இந்த வழக்கு புதிதல்ல. முதலாம் குலோத்துங்கனுக்கு "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று பட்டமே உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலும் ரோட்டுக்கு ரோடு டோல்கேட் இருந்தது. 1931-ல் சென்னை மாகாணத்தில் மோட்டார் வண்டி வரிச் சட்டம் வந்தபோது, அந்த வழிச்சுங்கத்துக்குப் பதிலாகத்தான் இந்த வரி என்றார்கள். கட்டை போய்விட்டது. திருச்சி நம்பர் ஒன் டோல்கேட், வடசென்னை டோல்கேட் என்று பெயர் மட்டும் மிச்சம். இன்றைக்கு வரியும் இருக்கிறது, டோல்கேட்டும் இருக்கிறது.

தெள்ளார், வந்தவாசிப் பக்கத்து ஜனங்களுக்கும் இது தெரியாத சங்கதி அல்ல. தெள்ளாரிலிருந்து திண்டிவனம் வந்து, நான்குவழிச் சாலை பிடித்துச் சென்னைக்குக் காரில் போனால் ஆத்தூர், பரனூர் என்று இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். ஆனால் அது தூரப் பயணம். தெள்ளாரிலிருந்து வந்தவாசி சந்தைக்குப் போகிறவனை வழிமறித்து யாரும் காசு கேட்பதில்லை. கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் திருமங்கலத்துக்காரர் கோபம் புரியும்.

காகிதம் பேசும்

கூட்டம் போடுகிற ஊர்கள் மறந்துவிடுகிற காரியம் ஒன்று உண்டு. போராட்டக் குழு என்பது பேச்சுவார்த்தை முடிந்ததும் கலைந்துவிடும். பதிவான சங்கம் கலையாது. 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். துணைவிதி எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். லாபம் பார்க்கக்கூடாது. வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும். அந்தச் சங்கம் தன் பெயரிலேயே கோர்ட்டுக்குப் போகலாம். தலைவர் மாறினாலும் ஃபைல் மாறாது.

அந்த ஃபைலில் என்ன இருக்க வேண்டும்? நகராட்சி எல்லையிலிருந்து டோல்கேட் எத்தனை கிலோமீட்டர், 10-ஐக் குறைத்ததற்கு எழுதி வைத்த காரணம் என்ன, உள்ளூர் வண்டிக்கு யார் எந்தத் தேதியில் சலுகை தந்தார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். பேச்சுவார்த்தை முடிந்து எழுந்திருக்கும்போது, பேசியதை மினிட்ஸ் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், அடுத்த வருஷம் வருகிற அதிகாரியிடம் அதை நீட்டலாம்.

வாய்க்கணக்கின் லட்சணத்தை அரசு பஸ்களே காட்டிவிட்டன. கப்பலூர் உட்பட தென்மாவட்டத்தின் நான்கு டோல்கேட்டுகளில் போக்குவரத்துக் கழக பஸ்கள் வைத்த பாக்கி சுமார் 276 கோடி ரூபாய். விவகாரம் ஐகோர்ட்டுக்குப் போனது. 2025 ஜூலை 10 முதல் அந்த நான்கு இடங்களிலும் அரசு பஸ்களை விடக்கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார். பஸ் ஸ்டாண்டுகளில் ஒரே பரபரப்பு. அரசுத் தரப்பு ஓடிப்போய் அவகாசம் வாங்கியது. உத்தரவு தள்ளிவைக்கப்பட்டது. பஸ்கள் ஓடின.